தண்ணிக்காரனைத் தள்ளியவர்

எங்கள் வீட்டில் சைக்கிள் என்பது கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை. அப்பா ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிற வேலையில் இருந்தவர். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி, முன்னால் கூடை, இரண்டு பக்கமும் பைகள். ஊர் எழுவதற்கு முன்னால் கிளம்பி, நகரத்தின் மேட்டுப்பகுதி முழுக்க மிதித்து, கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். முட்டி போனது அதில்தான். பிறகு பேக்கரிக்காரர் வேன் வாங்கினார், அப்பா லைசென்ஸ் எடுத்தார். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று வீட்டுக்கு வந்து, "விட்டுது சனியன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், பட்டம் வாங்கி, ஏசி அறையில் வேலையும் வாங்கிய ஒருத்தி, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக டிவியைப் போட்டு, ஐந்து மணி நேரம் மற்றவர்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

"சைக்கிள விட்டு இறங்கறதுக்குத்தான்டி உன்னப் படிக்க வச்சோம்" என்பாள் அம்மா. "நீ சந்தா கட்டி அதையே பாக்குற."

"ஓட்டவாம்மா செய்யறேன்? பாக்கத்தானே செய்யறேன்?"

"அது இன்னும் கேவலம். ஓட்டினாலாவது உடம்பு இளைக்கும்."

ஆரம்பித்தது விடுதியில். என்னுடைய ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அந்த வகுப்பில் கிடையாது. ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று நீளமாக ஓடுகிற எதையாவது தேடினேன். சைக்கிள் பந்தயத்தை விட நீளமானது உலகத்தில் இல்லை. மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்காது. வர்ணனையாளர்கள் இரண்டு பேர் வழியில் வருகிற கோட்டையைப் பற்றியும் மேய்கிற மாடுகளைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் மாடுகளைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்றேன். ஒரு நாள் மாட்டுக்குப் பதிலாக அவனைப் பார்த்தேன்.

கூட்டத்தை விட்டுப் பின்தங்கி, அணியின் கார் வரும்வரை காத்திருந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். முதுகில், நெஞ்சில், வாயில்கூட ஒன்று. நிறைமாதக்காரி மாதிரி வீங்கிய உடம்போடு மறுபடி மிதித்து, நூற்றைம்பது பேரைத் தாண்டி முன்னால் போய், தன் அணிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தான். கொடுத்து முடித்ததும் தலைவனின் சக்கரம் பஞ்சர். இவன் இறங்கித் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒற்றைச் சக்கரத்தோடு ரோட்டோரம் நின்றான். தலைவன் அன்று ஜெயித்து மேடையில் பூங்கொத்தை ஆட்டினான். இவனை அதற்குப் பிறகு யாரும் காட்டவில்லை.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எட்டுப் பேர் அணி என்றால் ஒருத்தன் ஜெயிப்பதற்கும் ஏழு பேர் உழைப்பதற்கும்தான். அது அந்த விளையாட்டின் அமைப்பு. யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் சம்பளம் வாங்குகிறார்கள், எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம்தான். அன்றிலிருந்து அவனைத்தான் பின்தொடர்கிறேன். தமிழில் பேசுகிற சைக்கிள் பந்தயப் பைத்தியங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். அந்தக் குழுவில் நான் அவனுக்கு வைத்த பெயர் தண்ணிக்காரன். பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா காதிலும் விழுந்தது.

"தண்ணிக்காரனா? உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா இவளுக்கு?"

"தண்ணி அடிக்கிறவன் இல்லம்மா, தூக்கறவன்."

"எல்லாரும் அப்படித்தான்டி ஆரம்பிக்கறாங்க."

இந்த வருடம் மூன்று வாரப் பந்தயம் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. கடைசிக்கு முந்தைய நாள் மலை ஏறுகிறார்கள். அந்த மலை எங்கள் வீட்டிலிருந்து வேனில் போனால் சில மணி நேரம். தண்ணிக்காரன் இந்தப் பந்தயத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்திருந்தான். இத்தனை வருடத்தில் ஒன்றுமே ஜெயிக்காதவன். ஆனால் தொடங்கிய எந்த நீளப் பந்தயத்தையும் பாதியில் விட்டதும் கிடையாது. அவனிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். இரண்டாவது வாரம் இறக்கத்தில் விழுந்து விலா எலும்பில் விரிசல் விட்டது. அதோடு ஓட்டினான். மலை நாட்களில் ஜெயித்தவன் வந்து சேர்ந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் மற்ற எல்லோரும் வந்துவிட வேண்டும். வராதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏற முடியாதவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு, அந்தக் கெடுவுக்குள் வந்து விழுவார்கள். எங்கள் குழுவில் அதைக் 'கடைசி பஸ்' என்போம். தண்ணிக்காரன் தினமும் கடைசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அந்த ஒரு மலையை மட்டும் தாண்டிவிட்டால் மறுநாள் சமதளம், நகரத்துக்குள் ஊர்வலம் மாதிரி, அவ்வளவுதான். முடித்துவிடுவான்.

எனக்கு அவன் முடிக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சைக்கிள் கிளப் உண்டு. மேனேஜர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இறுக்கமான உடையைப் போட்டுக்கொண்டு, எங்கள் பேக்கரி வேனை விட விலை அதிகமான சைக்கிள்களில், காபி குடிக்கப் போய் வருவார்கள். மலைக்குப் போக பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். என் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்.

"நீங்க ரைடர் இல்லையேம்மா" என்றார் மேனேஜர்.

"கிரிக்கெட் பாக்குறவங்கெல்லாம் மட்டையோடயா சார் சுத்தறாங்க?"

"அதில்ல. சனிக்கிழமை ஆபீஸ்ல யாராவது இருக்கணும் பாருங்க."

"யாராவதுன்னா நானா?"

"நீங்கதானே லீவு போடல."

போனை எடுத்து அவர் முன்னாலேயே லீவு போட்டேன். "இப்ப போட்டுட்டேன் சார். மெயில் வந்திருக்கும், பாருங்க."

அப்பா இன்னொரு டிரைவரிடம் சனிக்கிழமையைத் தள்ளிவிட்டு, பேக்கரிக்காரரிடம் சும்மா நின்ற இன்னொரு வேனைக் கேட்டு வாங்கினார். சைக்கிள் பார்ப்பதற்காக இல்லை. "தனியா மலைக்குப் போறேன்னு நிக்கிறா, கழுதை" என்பதற்காக.

போகிற வழியில் விளக்கிக்கொண்டே வந்தேன்.

"சரி, இவன் தண்ணி தூக்கறான், அவன் ஜெயிக்கிறான். ஜெயிச்சா இவனுக்கு என்ன?"

"அணி ஜெயிச்ச மாதிரிப்பா."

"அது சரி. பேக்கரி லாபம் பாத்தா நான் லாபம் பாத்த மாதிரி."

"அதுக்குத்தானேப்பா எனக்குக் கோபம்."

"உனக்கு எதுக்குத்தான் கோபம் வரல. இந்த சிக்னல் சிவப்பா இருக்குன்னுகூட வரும்."

ரோடு மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். முடிவுக்கோட்டுக்கு நான் போகவில்லை. அங்கே போகிறவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் தலை தெரியும், அவ்வளவுதான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. அது திரும்பியதும் ரோடு சுவர் மாதிரி எழும்புகிறது. அங்கே யாராக இருந்தாலும் நடக்கிற வேகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். முகத்தைப் பார்க்கலாம். அப்பா வேனிலிருந்து காலி ரொட்டிக் கிரேட் இரண்டைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார். சுற்றிலும் கொடிகள், விசில்கள். பேக்கரி பெயர் முதுகில் போட்ட சீருடைச் சட்டையோடு அப்பா மட்டும் டெலிவரிக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஹெலிகாப்டர் சத்தம், பிறகு போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், பிறகு மூன்று பேர். அப்பா எழுந்து நிற்பதற்குள் போய்விட்டார்கள்.

"இவ்வளவுதானா? தும்மியிருந்தா போயிருக்குமே. இதுக்கா லீவு போட்ட?"

"நம்ம ஆள் இனிமேதான்ப்பா."

இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக வந்துகொண்டே இருந்தார்கள். ஜெயித்தவன் மேலே சேர்ந்ததும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. கொடிகளைச் சுருட்டிக்கொண்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார்கள். எனக்குப் பிடிக்காத காட்சி அது. இன்னும் பாதிப் பேர் மலையில் இருக்கிறார்கள், இவர்களுக்குப் பந்தயம் முடிந்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்துக் கடைசி பஸ் வந்தது. ஒரு முப்பது பேர். சாம்பல் பூத்த முகங்கள். ஒருத்தன் எங்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"பின்னாடி விட்டுட்டு வந்துட்டாங்கப்பா. அவனால கூட வர முடியல."

போனில் கெடுவைக் கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன். ஒருவேளை வரலாம், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வளைவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அப்பா இரண்டு கிரேட்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டார், பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பிரித்து வைத்தார்.

வந்தான்.

சட்டையில் ஒரு பக்கம் கிழிசல். விலா அடிபட்ட பக்கமாக உடம்பே சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது, மூடவில்லை. அவனுக்குப் பின்னால் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டியின் உறுமல் கேட்டது. பந்தயத்தைக் கைவிட்டவர்களை வாரிப் போட்டுக்கொண்டு வருகிற வண்டி அது. நாங்கள் துடைப்பம் என்போம். நான் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். வருடக்கணக்காக அவன் பெயரைக் கத்துவதற்கு ஒத்திகை பார்த்தவளின் வாயில் வந்தது "போ, போ, போயிடு போயிடு" என்ற தமிழ்தான்.

அப்பா கிரேட்டிலிருந்து எழுந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, போன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குள் அவர் வந்தார். வலது கையைச் சீட்டுக்கு அடியிலும் இடது கையை அவன் இடுப்பிலும் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

அவன் தலையை ஆட்டினான். "நோ! நோ!" என்றான். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துப் பின்னால் வீசினான். அந்தக் கையை எடுத்ததில் கிட்டத்தட்ட விழப் போனான்.

"வேணாம்னுதான் சொல்லுவ, தெரியும்" என்றார் அப்பா அவனிடம், தமிழில். "நீ மிதி."

தேய்ந்த முட்டியோடு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் விளையாட்டில் ரோட்டோரத்து ஆள் ஓட்டுகிறவனைத் தொடக் கூடாது. தள்ளச் சொல்லிக் கேட்டான் என்று நடுவர் நினைத்துவிட்டால் பந்தயத்தை விட்டே அனுப்புவார்கள். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. இவ்வளவு விளக்கியவளுக்கு, இவர் தள்ளுவார் என்று தோன்றவே இல்லை.

"அப்பா விடுங்க! விடுங்கப்பா! அறிவிருக்கா? அவனை வெளிய அனுப்பிடுவாங்க! விடுங்கன்றேன்ல, படிக்காத ஜென்மம்!"

அப்போது வளைவைத் திரும்பி நடுவரின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆள், அப்பாவின் முதுகையும், இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் மிதிக்கிற அவனையும் பார்த்தார். வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோனார். அப்பா கடைசியாக ஒரு தள்ளு கொடுத்து விட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துடைப்பம் எங்களைக் கடந்து போனது.

மூச்சு வாங்கிக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார். "லேசா இருக்கான் பாப்பா. ரெண்டு பெட்டி ரொட்டி கனம்கூட இல்ல."

என்ன செய்திருக்கிறார் என்று சொன்னேன். கத்தாமல் சொன்னேன், கத்துவதற்குத் தொண்டை இல்லை.

"கேட்டாத்தானே தப்பு? அவன் கேக்கலையே."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்த மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரியுமா? உங்கள யாரு போகச் சொன்னது? வேணாம்னு சொன்னான்ல?"

"எவன்தான் வேணும்னு சொல்லுவான்?" அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "மேட்டுல ஒருத்தன் சைக்கிளோட தவிக்கிறான்னா ஒரு கை குடுக்கணும். ரொட்டிக்காரனோ பால்காரனோ பேப்பர்காரனோ, எவனா இருந்தா என்ன. அந்த மேட்டுல எனக்கு எத்தன பேரு கை குடுத்திருக்காங்க, ஒருத்தன்கிட்டயாவது நான் கேட்டிருப்பேனா? கேட்டு வாங்கினா அது கையா?"

கிரேட்டுகளை வேனில் ஏற்றினோம்.

இறங்குகிற ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. போனில் முடிவுகள் வந்தன. கெடுவுக்குள் வந்துவிட்டான். கடைசி ஆள் அவன்தான், மூச்சு விடும் நேர வித்தியாசத்தில். கத்தப் போனேன். அதற்குள் அடுத்த செய்தி வந்தது. பார்வையாளரின் உதவியை அவன் ஏற்றுக்கொண்டானா என்று நடுவர் குழு விசாரிக்கிறது, மாலைக்குள் முடிவு. கேட்டு வாங்கிய உதவி என்றால் அவன் நாளைக்கு ஓட்ட முடியாது. நடுவரின் மோட்டார் சைக்கிளில் இருந்த கேமராவின் காட்சியும் வந்தது. முதுகில் பேக்கரி பெயர் போட்ட ஒரு ஆள் தள்ளுகிறார், தண்ணிக்காரன் மறுக்காமல் மிதிக்கிறான். அந்தத் துண்டில் தெரிவது அவ்வளவுதான்.

குழு கொதித்துக்கொண்டிருந்தது.

"யார்றா அந்த மாடு?" என்று ஒருத்தர். "இவனுங்களையெல்லாம் மலைமேல ஏற விடறதே தப்பு" என்று இன்னொருத்தர். பல் டாக்டர், "சட்டையைப் பாத்தா நம்ம பாப்பா ஊருக் கடை மாதிரி இருக்கே, தெரிஞ்சவனா?" என்று என்னைக் கேட்டிருந்தார். மாடு என்பது என்னுடைய வார்த்தை. ரோட்டோரத்தில் நின்று தொடுபவர்களை, குறுக்கே ஓடுபவர்களை அந்தக் குழுவில் அதிகமாகத் திட்டுகிறவள் நான்தான்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஏன்டி, உங்கப்பா டிவில வர்றாராமே? பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அந்தப் பழைய சட்டையையா போட்டுக்கிட்டுப் போனாரு?"

"அப்புறம் பேசறேம்மா."

என் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அவன் தலையாட்டியது, "நோ" என்றது, கையை வீசியது, விழப் போனது. மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்னால் நடந்த அத்தனையும் தெளிவாக இருந்தது. என் வேலையே இதுதான். வண்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வீடியோக்களைப் பார்த்து யார் மேல் தப்பு என்று எழுதுகிறேன், மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார். இதைவிட நல்ல சாட்சியம் எனக்கு வந்ததில்லை.

அதில் அப்பாவின் முகமும் தெளிவாக இருந்தது. அதைவிடத் தெளிவாக என் குரல்.

அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி எட்டிப் பார்த்தார். "போடு, நானும் பாக்கறேன்."

"வேணாம்ப்பா."

"போடுன்றேன்."

போட்டேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். அந்த வார்த்தை வேனுக்குள் இரண்டாவது தடவையாக ஒலித்தது. முன்னாலிருந்த கார் ஒரு அடி நகர்ந்தது, அவரும் ஒரு அடி நகர்த்தினார்.

"சத்தமெல்லாம் நல்லா கேக்குது" என்றார்.

"கோபத்துல சொல்லிட்டேன்ப்பா."

"படிக்காதன்னது சரிதான். படிக்கல. அந்த ஜென்மம் எதுக்கு?"

வெளியே பார்த்தேன்.

"இத அனுப்பினா அவன விட்டுருவாங்களா?" என்றார்.

"விடலாம்."

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே. எதுக்கு கையில வச்சுட்டு இருக்க?"

"உங்க மூஞ்சி தெரியுதுப்பா. உலகம் பூரா போவும். மாடுன்னு எழுதறாங்க. இன்னும் எழுதுவாங்க."

"நான் திருடவா செஞ்சேன்?" போன் திரையைத் தொட்டுக் காட்டினார். "நீ பேசினது வர்ற எடத்த மட்டும் வெட்டிட முடியாதா?"

"வெட்டினா நம்பமாட்டாங்க. எங்க ஆபீஸ்ல வெட்டின வீடியோ வந்தா நானே தூக்கிப் போட்டுடுவேன். எடுத்தது எடுத்தபடி போவணும். யாரு எடுத்ததுன்னும் எழுதணும். தள்ளினவரோட மகள்னு."

"மகள்னு எழுதினா அப்பனக் காப்பாத்த வந்துட்டாள்னு சொல்லமாட்டாங்களா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. நியாயமான கேள்வி. எங்கள் அலுவலகத்தில் குடும்பத்தார் சாட்சி என்றால் பாதி மதிப்புதான். வீடியோவை மறுபடி மனதுக்குள் ஓட்டினேன்.

"சொல்லமாட்டாங்க" என்றேன். "காப்பாத்த வந்தவ இப்படித் திட்டுவாளா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார், வயிறு குலுங்க, முட்டியைத் தட்டிக்கொண்டு, வலியில் "ஆ" என்று சொல்லிக்கொண்டு. "அப்ப உன் வாயும் ஒரு காரியத்துக்கு உதவுது. அனுப்பு, அனுப்பு."

அவனுடைய அணிக்கு எழுதினேன். அலுவலகத்தில் எழுதுவது மாதிரியே எழுதினேன். எங்கே நின்றோம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்னால் ஓட்டுநர் எத்தனை முறை மறுத்தார், எந்தக் கையால். தள்ளியவர் என் தந்தை, விதி அவருக்குத் தெரியாது, அதைச் சொல்லாதது நான். கத்துகிற குரல் என்னுடையது. நான் கத்தியதையும் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துப் போட்டேன். 'ஜென்மம்' என்பதற்கு ஆங்கிலம் தேடிப் பார்த்தேன், சரியாக அமையவில்லை. கிடைத்ததைப் போட்டேன், அது இன்னும் மோசமாக இருந்தது.

அணிக்கு வரும் ஆயிரம் மெயிலில் இதை யாராவது திறக்க வேண்டுமே. பல் டாக்டருக்கு அணியில் ஒருத்தரைத் தெரியும். குழுவிலும் வீடியோவைப் போட்டேன். கீழே எழுதினேன்: "அந்த மாடு என் அப்பா. தண்ணிக்காரன் வேண்டாம் என்றுதான் சொன்னான், பாருங்கள். தெரிந்தவர்கள் தயவுசெய்து அணியிடம் கொண்டுபோங்கள்."

குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு பல் டாக்டர் மட்டும் எழுதினார்: "அனுப்பிட்டேன். அப்பாகிட்ட சாரி சொல்லும்மா."

சொன்னேன்.

"எதுக்கு சாரி? அவங்க எழுதினது சரிதானே. தப்புதான் செஞ்சேன்" என்றார் அப்பா. "ஆனா ஒண்ணு சொல்றேன், மறுபடி ஒருத்தன் அப்படி வந்தாலும் தள்ளுவேன். கை சும்மா இருக்காது. உனக்குப் பயமா இருந்தா என்னக் கூட்டிட்டுப் போகாத."

மலை இறங்கிப் பெட்ரோல் போட நின்ற இடத்தில் முடிவு வந்தது. உதவி கோரப்படவில்லை, ஓட்டுநர் மறுத்ததற்குச் சான்று இருக்கிறது, அவர் நாளை தொடரலாம். பார்வையாளரின் செயலைக் குழு வன்மையாகக் கண்டிக்கிறது.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"கண்டிக்கிறாங்களா? கண்டிக்கட்டும்" என்றார். "டீ குடிக்கிறியா?"

ஞாயிற்றுக்கிழமை அப்பா ரொட்டிச் சுற்று முடித்து வந்து, முட்டியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே டிவி முன்னால் உட்கார்ந்தார். பேக்கரிக்காரர், கடைக்கு இலவச விளம்பரம் கிடைத்ததில் ஒரு கேக் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா அதை வெட்டிக்கொண்டே, "எதுடி அந்தத் தண்ணிக்காரன்?" என்று நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் காட்டுவதற்குள் காட்சி மாறிவிட்டது. ஒரு முறை மட்டும் நன்றாகத் தெரிந்தான். காரின் ஜன்னலோரம், சட்டைக்குள் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு.

"விலா உடைஞ்சவன இன்னிக்குமா சுமக்க விடறாங்க?" என்றாள் அம்மா.

"வேலை அதுதானே" என்றார் அப்பா. அவள் கேக்கின் அடுத்த துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

நகரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசிச் சுற்றில் மணி அடித்தது. எவனோ ஒருத்தன் கையைத் தூக்கிக்கொண்டு ஜெயித்தான். கேமரா அவனையே பிடித்துக்கொண்டது. அவன் அழுகிறான், அவன் மனைவியைக் கட்டிக்கொள்கிறான், அவன் சைக்கிளுக்கு முத்தம் கொடுக்கிறான். கோட்டைத் தாண்டி மற்றவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், எல்லோரும் திரையின் விளிம்பில் கலங்கலாக.

"திருப்புடா கேமராவ! பின்னாடி திருப்பு! அவன் எத்தன தடவ அழுவான், போதும்டா!" நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

"கத்தாத. வந்துட்டான்."

"யாரு?"

"உன் ஆள்தான். அந்த மூலையில போனான், இந்த அழறவனுக்குப் பின்னாடி. கிழிஞ்ச சட்டைய மாத்திட்டான், புதுசு போட்டிருக்கான்."

பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தேன். மூலையில், ஒரே ஒரு நொடி. புதுச் சட்டைதான்.